நான் படிக்காத அந்த ஒரு வரி



"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா. கவிதை மட்டும் வேணாம், அது ஏற்கெனவே கட்டுக் கட்டா கெடக்கு" என்றார் நம் மாணவர் பேரவைச் செயலாளர். எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது. லேத்தில் ஒரு இரும்புத் துண்டை மாட்டிக் கொடுத்தால் வரைபடத்தில் உள்ள அளவுக்குக் கடைந்து தருவேன். எனக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். ஆனாலும் ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு விஷயம் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடக்கிறது. அதை இறக்கி வைக்க இந்த மலரை விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை. ஆகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் படிப்பு என்று ஒன்றைப் படித்த முதல் ஆள் நான்தான். அப்பத்தா கைநாட்டு. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அப்பா மூன்றாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனவர். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை, பஸ் கொஞ்ச நேரம் நின்றால், எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். எனவே ரேஷன் அட்டையோ, கரண்டு பில்லோ, பேங்க் நோட்டீஸோ, வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கையில்தான் வந்து விழும். "அதெல்லாம் நம்ம பய பாத்துக்கிருவான்" என்பார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள்! அந்தப் பெருமைக்காகவே நான் பாலிடெக்னிக் வந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

அப்படிப்பட்ட நான், படிக்க வேண்டிய ஒரு வரியைப் படிக்காமல் விட்டேன். அதுதான் இந்தக் கட்டுரை.

* * *

எங்கள் ஊர் சுருளிப்பட்டிப் பக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த உங்களுக்கு எங்கள் பிழைப்பை நான் விளக்க வேண்டியதில்லை. அம்மாவுக்குத் திராட்சைத் தோட்டத்தில் கூலி. அப்பாவுக்கு மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. விடியுமுன்னே ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோடு ஏறினால் கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கம் போய், செடிக்கு மருந்து அடித்து, குழி வெட்டி, பொழுது சாயத்தான் இறங்குவார். பதினைந்து வயதில் தொட்ட பீடியை அவர் விடவில்லை. மலைக் குளிருக்கு அது துணை என்பார்.

நான் இரண்டாம் ஆண்டில் நுழைந்த சமயம் அவருக்கு இருமல் பிடித்தது. "பனி ஒத்துக்கலை" என்றார். பிறகு சளியில் நூல் மாதிரி ரத்தம் வந்தது. டி.பி.யாக இருக்கும் என்று சளிப் பரிசோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. மதுரைக்குப் போகச் சொன்னார்கள். ஸ்கேன், ஊசி வைத்துச் சதை எடுத்தல், பத்து நாள் காத்திருப்பு. கடைசியில் என் கையில் ஒரு ரிப்போர்ட்டைக் கொடுத்தார்கள். அதில் இருந்த நீளமான வார்த்தையை நான் மூன்று முறை எழுத்துக் கூட்டினேன். அடினோகார்சினோமா. நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை.

"என்னடா போட்டிருக்கு?" என்றார் அப்பா.

"கட்டி இருக்காம்ப்பா. மருந்து ஏத்தினா கரைஞ்சிருமாம்."

பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்காக நான் வருந்தவில்லை.

இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை கீமோ. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் மருந்துக்குக் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது கீமோ முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது மஞ்சள் ஃபைல் ஒன்றைக் கொடுத்தார்கள். டாக்டரம்மாவும் நிறையச் சொன்னார். காய்ச்சல் வந்தால் வாங்க, வாந்தி நிற்காவிட்டால் வாங்க, இன்னும் என்னென்னவோ. நான் மண்டையை மண்டையை ஆட்டினேன். மனசு அங்கே இல்லை. அடுத்த வாரம் செமஸ்டர் பரீட்சை! ஃபைலை அரிசிப் பானைக்கு மேலே இருந்த பலகையில் வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

* * *

கார்த்திகை மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கீமோவின் அசதியில் அப்பா பத்து நாளாகக் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. ஒரு ராத்திரி என்னைக் கூப்பிட்டார்.

"காலு கனக்குதுடா. இந்தக் கெண்டைச் சதை குத்துது."

பார்த்தேன். இடது கால் மட்டும் வீங்கியிருந்தது. வலது காலை விட ஒரு விரல்கடை பெரிசு. தொட்டால் லேசாகச் சுட்டது. தோல் பளபளவென்று இறுகி இருந்தது.

அப்பத்தா வந்து பார்த்தது. "படுத்தே கெடந்தா நரம்பு பெசகாம என்ன செய்யும்? வேப்பெண்ணெயக் காய்ச்சி மேலாக்க உருவிவிடு அப்பு. ரத்தம் ஓடுனா சரியாப் போகும்."

அப்பத்தா சொன்னது அவ்வளவுதான். உருவியது நான். லேத் பிடித்து உரமேறிய என் கையால், கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, அழுத்தி அழுத்தி உருவினேன். ஒரு ராத்திரி அல்ல, மூன்று ராத்திரி. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "சொகமா இருக்குடா" என்றார். அப்பாவுக்கு என்னால் ஒரு உதவி ஆயிற்றே என்று எனக்கு அத்தனை சந்தோஷம்!

நாலாம் நாள் விடியற்காலை. அம்மா போட்ட சத்தத்தில் எழுந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, கரையில் தூக்கிப் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். உடம்பெல்லாம் வேர்வை. ஒரு வார்த்தை பேச முடியவில்லை. 108க்கு போன் போட்டேன். வண்டியில் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். ஆக்சிஜன் 84 என்று காட்டியது. 95க்குக் குறையக் கூடாது என்று கொரோனா காலத்திலேயே நமக்கெல்லாம் மனப்பாடம். எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். மருந்து ஏற்றி நெஞ்சுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார்: "காலு ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கு. அதுல ஒரு துண்டு பிரிஞ்சு மேல போய் நுரையீரல் குழாய அடைச்சிருக்கு. கேன்சர் இருக்கவங்களுக்கு இப்படி வரும். சரியான நேரத்துல வந்துட்டீங்க." பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாராவது கால உருவினீங்களா?"

நண்பர்களே, அந்த ஒரு நொடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"நாந்தாம்மா உருவுனேன். கெழவிக்கு என்னத்தத் தெரியும்?"

அப்பத்தா!

டாக்டரம்மா திட்டவில்லை. "பாட்டி, நீங்க தொடாம இருந்தாலும் அது பிரிஞ்சு வந்திருக்கலாம். இதனாலதான்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா இனிமே யாரும் அழுத்தி உருவக்கூடாது, சரியா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் அதோடு விட்டுவிட்டார். ஆனால் பக்கத்தில் நின்ற என் அத்தை, அப்பாவின் கூடப் பிறந்தவர், விடவில்லை. "பெத்த மகனுக்கே எமனா வந்தியே" என்று அந்த வராந்தாவிலேயே அழுது தீர்த்தார். அப்பத்தா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ராத்திரி அப்பத்தாவிடம் போய், "ஏன் அப்பத்தா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "சும்மா கெட. படிக்கிற பிள்ள மேல ஒரு சொல்லு விழலாமா?" என்றது.

* * *

மறுநாள் துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பலகையில் மஞ்சள் ஃபைல் இருந்தது. எடுத்து முதல் முறையாகக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாள். அடியில் ஆறு வரி அறிவுரை. அதில் நாலாவது வரி இது: ஒரு கால் மட்டும் வீங்கினாலோ வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்கு வரவும்.

அதில் எனக்குப் புரியாத ஆங்கில வார்த்தை ஒன்றுகூட இல்லை. எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த வார்த்தைகள். என் அப்பா ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலையேறி என்னைப் படிக்க வைத்தது அந்த ஒரு வரியைப் படிக்கத்தானோ என்று தோன்றியது. பலகைக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். பரீட்சைக்காக அல்ல. டாக்டரம்மாவிடமும் நர்ஸ் அக்காவிடமும் கேட்டேன், நூலகத்தில் தேடினேன். தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். குழாயும் திரவமும் நமக்குப் பழக்கமான பாடம் என்பதால் புரிவது கஷ்டமில்லை.

விரலில் பிளேடு பட்டால் ரத்தம் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது அல்லவா? தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை பின்னி ஓட்டையை அடைக்கின்றன. இது நல்ல காரியம். இதே காரியம் காயமே இல்லாத இடத்தில், குழாய்க்கு உள்ளே நடந்தால் ஆபத்து. அது எப்போது நடக்கும் என்பதற்கு ஜெர்மன் நாட்டு மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1856ஆம் ஆண்டிலேயே எழுதியதிலிருந்து மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் கெடுவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுவது.

நுரையீரல் புற்றுநோய்க்காரருக்கு இந்த மூன்றுமே சேர்ந்து வருகின்றன! அசதியில் படுத்தே கிடப்பதால் கால் ரத்தம் மந்தமாகிறது. சிஸ்பிளாட்டின் போன்ற சில கீமோ மருந்துகள் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, புற்றுநோய் அணுக்களே ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களை வெளியே விடுகின்றன. 'திசுக் காரணி' என்று அதில் ஒன்றுக்குப் பெயர். காயம் பட்டால் மட்டும் அடிக்க வேண்டிய மணியை இந்த அணுக்கள் சும்மா சும்மா அடித்துக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் மற்றவர்களை விடப் புற்றுநோயாளிகளுக்கு ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். கணையம், வயிறு, நுரையீரல் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோயில் அது இன்னும் அதிகம்.

காலின் ஆழத்தில் உள்ள சிரையில் கட்டிய ரத்தம் பிரிந்தால், நேராக இதயத்தின் வலது பக்கம் போய், அங்கிருந்து நுரையீரல் குழாயில் போய்ச் செருகிக்கொள்ளும். குழாய் குறுகினால் என்ன ஆகும் என்று நாம் பாய்ம இயக்கவியலில் படித்திருக்கிறோம். விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். பாய்சியே விதி! வைவாவில் கேட்பார்களே என்று மனப்பாடம் செய்தேன். அந்தப் பாய்சியே ஒரு பிரெஞ்சு மருத்துவர், உடம்பில் ரத்தம் ஓடுவதைப் புரிந்துகொள்ளத்தான் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அந்தச் சோதனைகளைச் செய்தார் என்பது பரீட்சை முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

இன்னொரு பிரெஞ்சு மருத்துவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் பெயர் அர்மாண்ட் ட்ரூஸோ. பாரிஸில் பெரிய பேராசிரியர். காரணமில்லாமல் ரத்தம் கட்டினால் உள்ளே எங்கோ புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்று 1860களில் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். 1867ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவருக்கே ரத்தக்கட்டு வந்தது. அதைப் பார்த்ததுமே தனக்கு என்ன நோய் என்று தெரிந்துகொண்டார். அதே ஆண்டு ஜூன் மாதம் இரைப்பைப் புற்றுநோயில் இறந்துபோனார். இந்தத் தொடர்பை இன்றைக்கும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். அந்த ரத்தக்கட்டு அவருக்கு ஒரு கடிதம் மாதிரி வந்தது. அவர் படித்துவிட்டார். எங்கள் வீட்டுக்கும் அதே கடிதம் வந்தது. நான் அதற்கு எண்ணெய் தடவினேன்.

இன்றைக்கு இதைக் கணக்குப் போட்டே ஓரளவு கணிக்கிறார்கள். அலோக் குரானா என்ற இந்திய வம்சாவளி மருத்துவர் 2008ஆம் ஆண்டு ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். கீமோ தொடங்குமுன் பார்க்க வேண்டியது. கணையம், வயிறு என்றால் 2 மதிப்பெண், நுரையீரல் என்றால் 1. தட்டணுக்கள் மூன்றரை லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1. ஹீமோகுளோபின் 10க்குக் கீழே என்றால் 1. வெள்ளை அணுக்கள் பதினோராயிரத்துக்கு மேல் என்றால் 1. உடல் பருமன் மிக அதிகம் என்றால் 1. மூன்று வந்தால் ஆபத்து அதிகம். அப்பாவின் பழைய ரிப்போர்ட்டை எடுத்து நானே கூட்டிப் பார்த்தேன். நுரையீரல் 1, தட்டணு 1, ஹீமோகுளோபின் 1. ஆக 3. நம் பரீட்சையில் மதிப்பெண் ஏறினால் சந்தோஷம். இந்தப் பரீட்சையில் ஏறக் கூடாது.

ஆனால் மூன்று வாங்கிய எல்லோருக்கும் ரத்தம் கட்டிவிடாது என்றும் டாக்டரம்மா சொன்னார். முன்கூட்டியே மருந்து கொடுக்கலாமா என்றால், அப்பாவுக்குச் சளியில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால் அந்த ரத்தம் நிற்காது. ஒரு பக்கம் அடைப்பு, ஒரு பக்கம் கசிவு. இரண்டுக்கும் நடுவில்தான் வைத்தியம் நடக்கிறது.

* * *

அப்பா பிழைத்துக்கொண்டார். ஹெப்பாரின் குடும்பத்தைச் சேர்ந்த 'எனாக்ஸபரின்' ஊசி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஹெப்பாரின் என்ற மருந்துக்கு வழி திறந்தவர் யார் தெரியுமா? 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஜே மெக்லீன் என்ற மருத்துவக் கல்லூரி மாணவர்! ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப் போனவருக்கு, உறைய விடாத பொருள் நாயின் ஈரலிலிருந்து கிடைத்தது. நம்மைப் போல ஒரு மாணவர் கண்டது, நூறு வருடம் கழித்து என் அப்பாவின் மூச்சைக் காப்பாற்றியது.

தினமும் இரண்டு வேளை ஊசிக்கு ஆஸ்பத்திரிக்கு அலைய முடியுமா? நர்ஸ் அக்கா எனக்கே கற்றுக்கொடுத்தார். தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடித்து, ஊசியை நேராக இறக்கி, மெதுவாக அழுத்த வேண்டும். காலையில் இடது பக்கம், ராத்திரி வலது பக்கம். "போட்டப்புறம் அந்த எடத்தத் தேய்க்கக் கூடாது தம்பி. தேய்ச்சா ரத்தம் கன்னிப் போகும்" என்றார். சரிக்கா என்றேன். தேய்க்கவே இல்லை.

தை மாதம். நம் பள்ளத்தாக்கில் பல ஊர்களில் ஜனவரி 15 அன்று பென்னிகுயிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைப்பார்களே, அன்றைக்கு அப்பா, "என்னை வாய்க்காக்கரைக்குக் கூட்டிட்டுப் போடா" என்றார். கொஞ்சம் நடக்கச் சொல்லி டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். கையைப் பிடித்து மெதுவாக அழைத்துப் போனேன். இரண்டாம் போக நெல்லுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

கரையில் உட்கார்ந்ததும் அவர் கேட்டார். "எனக்கு என்னதாண்டா ஆச்சு? நீதான் என்னமோ படிச்சுக்கிட்டே இருக்கியே, சொல்லு."

சொன்னேன். சிரை, தட்டணு எல்லாம் சொல்லாமல், தெரிந்த மட்டில் சொன்னேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு கையை நீட்டி, மடைக்குப் பக்கத்தில் சேர்ந்திருந்த குப்பையைக் காட்டினார்.

"இந்தா, இந்தச் செத்த மாதிரி. தண்ணி சுணங்குனா செத்த சேரும். இந்த மடையில புடுங்கிவிட்டா அடுத்த மடையில போய் அடைக்கும். அதானே?"

"அதேதாம்ப்பா."

நான்கு வருடம் பள்ளத்தாக்கு வாய்க்காலில் மடை பார்த்தவர் அவர். விர்ச்சோ எழுதியதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். ஆனால் "புடுங்கிவிட்டா" என்ற வார்த்தை என்னைக் குத்தியது. என் கண் கலங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

"எலேய், நீ உருவலேன்னாலும் அது போயிருக்கும்டா. தண்ணி சும்மாவா இருக்கும்? இழுக்கத்தான செய்யும்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அடுத்த தடவை காயிதத்தப் படிச்சுப்புடு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அவர் சொன்ன அறிவுரை வாழ்நாளில் அது ஒன்றுதான்.

பிறகு ஊசி போய் மாத்திரை வந்தது. ஜூன் மாதம் பெரியாற்றுத் தண்ணீரை முதல் போகத்துக்குத் திறந்தபோது அப்பா இருந்தார். 1895இல் கட்டி முடித்த அணையின் தண்ணீர், நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாயும் தண்ணீர், நுங்கும் நுரையுமாக வருவதைக் கரையில் நின்று பார்த்தார். என் நான்காம் செமஸ்டர் தேர்ச்சியையும் கேட்டுவிட்டுத்தான் போனார். ஆடி மாதம் போனார். ரத்தக்கட்டால் அல்ல, புற்றுநோய் முற்றித்தான். அந்த எட்டு மாதம் எங்களுக்குக் கிடைத்தது. அது சின்ன விஷயமில்லை.

* * *

நண்பர்களே! நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் படிப்பாளிகள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கிறவர் யாராவது இருக்கலாம். அவர்களுக்காக நான் சொல்லக் கூடியது இதுதான்.

ஒரு கால் அல்லது ஒரு கை மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் அதைச் சுளுக்கு என்றோ வாதம் என்றோ நீங்களே முடிவு கட்டாதீர்கள். எண்ணெய் போட்டு உருவாதீர்கள். அன்றைக்கே காட்டுங்கள். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். எல்லா வீக்கமும் ரத்தக்கட்டு அல்ல, ஆனால் இல்லை என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டாக்டர் அனுமதித்தால் நோயாளியை வீட்டுக்குள்ளாவது நாலு எட்டு நடக்க விடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது, கை வைத்தியமும் சேர்க்கக் கூடாது. ஈறில் ரத்தமோ, கறுப்பாக மலமோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். பீடி பிடிக்கும் அப்பாக்கள் இருந்தால், அதை விடச் சொல்லி நச்சரியுங்கள். நான் நச்சரிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் காகிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். சத்தம் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தமிழில் சொல்லுங்கள். நமக்குப் படிப்பு வந்தது நமக்கு மட்டும் அல்ல.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அப்பா இறந்த அன்றும் அத்தை அதையேதான் சொல்லி அழுதார். "கெழவி உருவித்தான் என் அண்ணன் போனாரு." இன்றுவரை அப்பத்தாவோடு அவருக்குப் பேச்சு வார்த்தை இல்லை. பெற்ற மகள் தெருவில் கண்டும் காணாமல் போகிறார். அப்பத்தா ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. மூன்று ராத்திரி உருவியது என் கை. அந்தப் பழியை எழுபது வயதுக் கிழவி தன் தலையில் சுமந்துகொண்டிருக்கிறது.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. இந்த மலர் அச்சாகி என் கைக்கு வந்ததும், அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போகப் போகிறேன். திண்ணையில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து இந்த வரி வரை, ஒரு வரிகூட விடாமல் படித்துக் காட்டுவேன்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை